நூற்றுக்குப் பதினேழு

ஜனவரியில் வேட்டைக்காரர்களைக் கூப்பிடுவது என் வேலை.
டயர் கடைக்குப் பின்னால், ஹீட்டர் இரையும் அறையில்,
ஐடஹோ வனவிலங்குத் துறைக்காக,
எல்க் மானைப் பற்றிக் கேள்வி ஐந்து.
போனீர்களா. எத்தனை நாள். எந்தப் பிரிவு.
என்ன ஆயுதம். கிடைத்ததா.

கிடைத்ததா என்றுதான் கேட்க வேண்டும்.
கொன்றீர்களா என்று ஒருமுறை வாய் தவறியபோது
மேலதிகாரி லூரீன்
மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

இப்போதெல்லாம் குரலை வைத்தே சொல்லிவிடுவேன்.
கிடைத்தவன் கேட்காததையும் சொல்வான்:
கொம்பில் எத்தனை கிளை, காற்று எந்தத் திசை,
இறைச்சி சுமக்க மச்சான் எத்தனை நடை வந்தான்.
கிடைக்காதவன் ஒரு நொடி பொறுத்து
பனி போதவில்லை என்பான்.
அல்லது பனி அதிகம்.
அல்லது ஓநாய்.
பொய் சொல்கிறவன் மட்டும்
"கிடைத்தது" என்று சட்டென முடித்துக்கொள்வான்.
அவனுக்கும் ஒரு கட்டம் நிரப்புகிறேன்.
விழுக்காட்டில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருப்பதை
யாரும் அச்சிடுவதில்லை.

எங்கள் பிரிவில் நூற்றுக்குப் பதினேழு.
மற்ற எண்பத்து மூன்று பேர்
காலியான ஐஸ் பெட்டி பின்னால் தடதடக்க
இருட்டில் வீடு திரும்புகிறவர்கள்.
பெரும்பாலும் அவர்களோடுதான் பேசுகிறேன்.

வெர்னல் ஸ்டக்கியை ஆறு ஜனவரியாகத் தெரியும்,
முகம் தெரியாது.
ஒன்பது நாள். ரைஃபிள். இல்லை.
எட்டு நாள். ரைஃபிள். இல்லை.
ஒரு வருஷம் முழங்கால் அறுவை, இரண்டே நாள், இல்லை.
எனக்கு முன்னிருந்தவள் எழுதியதையும் சேர்த்தால்
பதினொரு இல்லை.

இந்த வருஷம் "ஆமாம்" என்றார்.
பிறகு இருமினார்.

ஆயுதம்?

"டொயோட்டா."

என் விரல் விசைமேல் நின்றது.

"நான் மேலே இருந்தேன். ஒன்பதாம் நாள்.
கால்விரல் மரத்துப்போச்சு, ஒரு குளம்புத் தடம்கூட இல்லை.
எனக்குக் காய்ந்த காலுறை எடுத்துக்கொண்டு
என் மனைவி ஆல்டர் க்ரீக் வளைவில் வந்திருக்கிறாள்.
ரேடியோவில் ஏதோ சமையல் குறிப்பு.
பக்கத்துக்கு ஆறு கிளை, அம்மா. ஆறு!"

சிரித்துவிட்டேன். கூடாது, அழைப்பு பதிவாகிறது.
அவரும் சிரித்தார்.
அவர் பக்கத்தில் யாரோ சிரிக்கவில்லை.
"அந்தப் போனை இங்கே கொடுங்கள்."

அவள் பெயர் ஆர்டிஸ்.
ஐந்து கேள்வியில் ஒன்றுக்கும் அவள் பதில் சொல்லவில்லை.

"உடனே சாகவில்லை அது.
பின்னங்கால் இரண்டும் போயிருந்தன,
முன்னங்காலால் எழப் பார்த்துக்கொண்டே இருந்தது.
துப்பாக்கி இவரோடு மலைமேல்.
போனில் சிக்னல் இல்லை.
நாற்பது நிமிஷம், பெண்ணே.
பிடரியில் கை வைத்தேன், எடுக்கவில்லை.
அந்தக் குளிரிலும் உள்ளங்கை சுட்டது.
இந்த மனுஷர் ராத்திரியெல்லாம் கேட்கிறார்,
எப்படிப் பார்த்தது, காது எந்தப் பக்கம் திரும்பியது,
கண் என்ன நிறம் என்று.
பன்னிரண்டு வருஷ நடையில்
அவ்வளவு கிட்டே போனதில்லையாம்.
நான் சொல்லவில்லை.
சொல்லவும் மாட்டேன்.
இதையும் எழுதிக்கொள்கிறாயா?"

எழுத இடமில்லை.
ஆயுதக் கட்டத்தில் வில் உண்டு, துப்பாக்கி உண்டு,
மருந்து கிட்டித்துச் சுடும் பழையதும் உண்டு.
சாலையில் விழுந்தது வேறு துறையின் கணக்கு.
வேறு படிவம், மஞ்சள்.

ஸ்டக்கி, வெ. நாள் ஒன்பது. ரைஃபிள்.
பன்னிரண்டாவது இல்லை.

ஏப்ரலில் கையேடு வரும்.
டயர் மாற்றக் காத்திருப்பவர்கள்
கிரீஸ் விரலால் வரிசை வரிசையாகத் தேய்த்து இறங்கி
எங்கள் பிரிவில் நிறுத்துவார்கள்.
"பதினேழா, பரவாயில்லையே" என்பான் ஒருவன்.
நான் காபி இயந்திரத்தருகே
சில்லறை தேடிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு எனக்கும் அந்த வளைவுதான்.
ரேடியோவை அணைத்துவிட்டு,
இருபத்தைந்து மைலில்,
பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்க அடிக்க.